கப்பலில் சொன்ன பெயர்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் எங்கள் கப்பல் நடுக்கடலில் புயலில் மாட்டியிருக்கிறது. மேல்தளத்தில் இருந்தவர்களையெல்லாம் மாலுமிகள் கீழே இறக்கி, தலைக்கு மேல் பலகையைப் போட்டு மூடிவிட்டார்கள். அலை மோதும்போதெல்லாம் பலகை இடுக்கில் உப்புநீர் கொட்டுகிறது. கப்பல் கவிழ்ந்தால் வெளியேற வழியில்லை.

பக்கத்தில், பதுளையை அடுத்த நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் ஒரு பெண். பதுளையில் எனக்குத் துணிக்கடை இருப்பதைக் காலையில் அவளிடம் சொல்லியிருந்தேன். வாந்தியெடுத்துத் துவண்டுபோனவள், கைக்குழந்தையை என்னிடம் நீட்டுகிறாள்.

"புடிச்சிக்கத் தெம்பில்லீங்க மொதலாளி. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, இவள அவ அப்பாகிட்ட சேத்துருங்க."

"அவர் பேரென்னம்மா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள்.

கப்பல் ஒரேயடியாகச் சாய்கிறது. விளக்கு அணைகிறது. எல்லோரும் அலறுகிறார்கள். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்கிறேன். இருட்டில் என் காதருகே அவள் குரல்: "கருப்பையா. மேமலை லயத்து வீடு."

சாயங்காலம் பலகையைத் திறக்கிறார்கள். காற்று அடங்கியிருக்கிறது, தூரத்தில் கொழும்புக் கரை தெரிகிறது. குழந்தையை வாங்கிக்கொண்டும் அவள் அழுகையை நிறுத்தவில்லை.

"பேரச் சொல்லிட்டேனே மொதலாளி. அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"