முக்காலியில் உட்கார முடியாதவள்

அந்தச் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்பில் குண்டு கூட்டும் வேலை, உறுப்பினர்களில் ஒருவரான கூரியர்காரருடைய முறை. ஆனால் எட்டு மணிக்கே வந்துவிட்ட அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுடும் கூடத்தின் கோடியில் இலக்கு அட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் தகரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, நசுங்கிய ஈயக் குண்டுகளைப் பிரஷால் கூட்டி வாளியில் தட்டினாள். ஆறாவது பெட்டிக்கு வரும்போது கூரியர்காரர் வந்து சேர்ந்தார்.

"நான் வந்து செஞ்சிருப்பேனேக்கா."

"செஞ்சிருப்பீங்க. மூலையை விட்டிருப்பீங்க."

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். பழகியவர்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் தொழில். பதினெட்டு வருடம். சாலையோர விளம்பரப் பலகையில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கிளப்பில் அவள் பெயர் 'சிவப்பு மை'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு முறை இந்தக் கிளப்பின் போட்டி விதிகள் அச்சுக்கு வந்தன. நாலு தடவை படித்துத் திருத்தியவள், ஐந்தாவது தடவை நேரிலேயே பார்க்கப் போனாள். போனவள் பதினோரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். வீட்டிலும் வேலையிலும் ஓரிடத்தில் நிற்காத உடம்பு, ஏர் பிஸ்டலை நீட்டிக் குறி பார்க்கும் அந்த எட்டு விநாடி மட்டும் அடங்கி நிற்கும். அந்த அடக்கத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கும் உடனே கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் வினையாகப் போனது.

போன வருடம் ஒரு நர்ஸ் வந்தாள். ஒரு குண்டுக்கு ஐந்து யோசனை சொன்னாள் இவள். தோளை இறக்கு, மணிக்கட்டைப் பூட்டு, விசையை இழுக்காதே, அழுத்து. மூன்றாம் வாரம் நர்ஸ், "எங்க பெரிய டாக்டர் கூட இவ்வளவு பேச மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அடுத்து வந்த பள்ளி வேன் டிரைவர் எதுவும் சொல்லாமலே நின்றுவிட்டார்.

கிளப் செயலாளருக்குக் கண்ணாடிக் கடை. பொறுமைசாலி. சுடும் கோட்டுக்குப் பின்னால் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"இதுல உட்காரும்மா. கேட்டா சொல்லு, கேக்கலன்னா சொல்லாதே. துப்பாக்கி முனை பக்கத்து ஆள் மேல திரும்பினா மட்டும் கத்து."

"அவங்க தப்பாப் பிடிச்சாக்கூடவா?"

"தப்பாப் பிடிக்கிறதுக்குத்தானே காசு கட்டி வராங்க."

அப்படி அவள் முக்காலியில் உட்காரப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான், இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாத்தனாரே கிளப்பில் சேர்ந்தாள்.

நாத்தனாருக்குத் தையல் கடை. யாரையும் டேப் வைத்து அளக்குமுன் கண்ணாலேயே அளந்துவிடுவாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அண்ணி கடைக்கு வந்துபோனால் நூல்கண்டுகள் நிற வாரியாக இடம் மாறியிருக்கும். "அண்ணி வந்துட்டுப் போனா என் கடையில எனக்கே வழி தெரியாது" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. அவள் ஐந்து வாரமாக வந்துகொண்டிருந்தாள், அண்ணியும் ஐந்து வாரமாக வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கணவர்கூட, "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் புதியவர்களுக்கான போட்டி. இன்று பன்னிரண்டு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். "இன்னிக்கு எப்படி சுடறேன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தாள் நாத்தனார். போட்டி என்று ஒன்றில் நின்றுவிட்டால் அப்புறம் இதை விடமாட்டாள். இல்லையென்றால் தைக்க நிறையக் கிடக்கிறது என்று வருவதை நிறுத்திவிடுவாள். அண்ணிக்கு இது தெரியும். அதனால் முக்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

முதல் அட்டை. ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்தின் இடது பக்கம், ஒரு பொத்தான் அகலத்துக்குள் நெருக்கமாக விழுந்திருந்தன. புதியவளுக்கு இப்படி ஒரே இடத்தில் விழுவது லேசில் நடக்காது. கை சரி, மூச்சு சரி. பிஸ்டலின் பின்குறி, அதாவது கண்ணுக்குப் பக்கமாக இருக்கும் குறித் தகடு, மட்டும்தான் கொஞ்சம் தள்ளியிருந்தது. பக்கத்தில் உள்ள திருகை எட்டுக் கிளிக் திருப்பினால் ஐந்தும் நடுவில். நாத்தனார் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்பி அண்ணியையும் பார்த்தாள். கேட்கவில்லை. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அண்ணி உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினாள். காலை மாற்றிப் போட்டாள். கடிகாரம் பதினொன்றே கால். அடுத்தவர் துப்பாக்கியைச் சொல்லாமல் தொடக்கூடாது என்பது சுவரில் எழுதியிருக்கும் முதல் விதி, அச்சுப்பிழை இல்லாமல் அதைத் திருத்திக் கொடுத்ததே அவள்தான். ஆனால் இது கிளப்பின் பிஸ்டல், யாருடையதும் இல்லையே. நான் வாயைத் திறக்கப் போவதில்லையே.

எழுந்தாள். எட்டுக் கிளிக். உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் திரும்பி வந்து இரண்டாவது அட்டையைச் சுட்டாள். ஐந்தும் வலது பக்கம். அதே பொத்தான் அகலம், ஆனால் நடுவைத் தாண்டி இந்தப் பக்கம். மூன்றாவது அட்டைக்குக் குறியை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்தாள். குண்டுகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின.

அவள் பிஸ்டலைப் பெட்டியில் வைத்து மூடி, அட்டைகளை எடுத்துக்கொண்டாள். "எனக்கு இது சரிப்படாது சார்" என்று செயலாளரிடம் சொன்னது முக்காலி வரை கேட்டது.

ஈயம் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு சின்ன அறை உண்டு. அண்ணி பின்னாலேயே போனாள்.

"ஏன் வேண்டாம்கறே?"

"தண்ணி குடிக்கும்போது நானா யோசிச்சேன் அண்ணி. இடது பக்கமா விழுதே, கொஞ்சம் வலது பக்கம் தள்ளிக் குறி வைப்போம்னு. கண்ணால அளந்துதான் வெச்சேன். கண்ணே பொய் சொல்லுது, அப்புறம் எதை நம்பறது?"

அண்ணி அறைக் கதவைச் சாத்தினாள்.

"உன் கண்ணு பொய் சொல்லலை. நீ தண்ணி குடிக்கப் போனப்போ பின்குறியை நான் திருப்பிட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை?"

"எட்டுக் கிளிக்."

நாத்தனார் ஈரக் கையோடு முதல் அட்டையையும் இரண்டாவது அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விரலால் அளந்தாள். தையல்காரியின் விரல். "அப்போ நான் வெச்சது நடுவுலதான் விழுந்திருக்கணும்."

"நடுவுலதான்."

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்காம வாயைத் திறக்கக்கூடாதுன்னு..."

"நல்லா இருக்கு அண்ணி. வாயைக் கட்டி வெச்சுட்டு கையை அவுத்து விட்டிருக்கீங்க." அவள் சிரிக்கவில்லை. "சொல்லியிருந்தா வேண்டாம்னாவது சொல்லியிருப்பேன்."

அண்ணி மன்னிப்புக் கேட்டாள். அவள் வாயில் பழக்கமில்லாத வார்த்தை, பாதியில் இடறியது. வெளியே செயலாளர் நோட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போவது கேட்டது. பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.

"பின்குறியைப் பழையபடி வெச்சுடறேன். இல்ல, நீயே வெச்சுக்கோ. நான் அடுத்த வாரம் வரலை, வீட்டிலேயே இருக்கேன். பேர் மட்டும் குடுத்துடு. குடுக்கறியா?"

நாத்தனார் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள், விரல் விரலாக. யாரும் கை வைக்காத பின்குறியோடு சுட்ட முதல் அட்டையை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.