வெட்டை மூடிய ஒட்டுத்தாள்

எழுதி முடித்த பிளாப்பியின் ஓரத்து வெட்டிலிருந்து ஒட்டுத்தாளை உரித்துவிட வேண்டும் என்பது விதி. கணினித் தகவலைச் சேமிக்கும் அந்நாளைய பிளாப்பி வட்டு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். வெட்டு திறந்திருந்தால் இயந்திரம் அதில் எழுத மறுக்கும், மூடியிருந்தால் எழுதும். எதையும் ஒட்டி மூடினால்தான் பத்திரம் என்று நம்புகிற அலுவலகத்தில் இந்த விதி பிழைத்திருக்க வாய்ப்பே இல்லை.

எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டில் நான் நிர்வாகம் பார்த்த அலுவலகத்தில் யூனிக்ஸில் ஓடும் கணினி ஒன்று இருந்தது. அகளி முதல் மாட்டுப்பட்டி வரை எடுத்த மழை அளவுகளை ஒரே கட்டாக்கி பிளாப்பியில் எழுதுவது கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வேலை. தற்காலிக நியமனம், மார்ச் கடைசியில் நிரந்தரமாக வேண்டியவள். அப்படிக் கட்டாக்கி எழுத கணினிக்குக் கொடுக்கும் 'டார்' என்ற கட்டளை பிளாப்பியின் தொடக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டு போகும். அங்கே முன்பு என்ன இருந்தது என்று யாரையும் கேட்காது.

பிப்ரவரியில், புதிது என்று ஸ்டோரிலிருந்து வந்த பிளாப்பியில் எழுதினாள். பழையது ஒன்று உறை மாறிப் புதியதன் உறைக்குள் வந்திருந்தது. போன வருஷத்து இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவ மழைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

போன வருஷம் அதை அவள் விதிப்படி உரித்துத்தான் ஸ்டோருக்கு அனுப்பியிருந்தாள். அழிந்தது தெரிந்த அன்றே ஸ்டோர்க்காரர் என் மேசைக்கு வந்து, அங்கே நின்ற அவளைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மிணி, ஓட்டை தொறந்து கெடந்தா பூசணம் ஏறாதா? நல்லதுன்னுதான் எல்லாத்துக்கும் நான் திரும்ப ஒட்டி வெச்சேன்."

"நல்லதுங்க. நீங்க ஒட்டுனீங்க, நான் அழிச்சேன். ரெண்டு பேருக்கும் சேத்து எனக்கு ஒரு மெமோ போதுமுங்க" என்றாள்.

மெமோ அவளுக்கு மட்டும்தான் வந்தது. ஸ்டோர்க்காரர் தன் வாக்குமூலத்தை எழுதியே கொடுத்தார், மனிதர் நேர்மையானவர். அதை இணைத்து, அவள்மேல் குற்றமில்லை என்று நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். நினைவூட்டல்களும் அனுப்பினேன். விசாரணை நிலுவையில் இருப்பவரை நிரந்தரமாக்க முடியாது என்பது இன்னொரு விதி. அது மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் அமலுக்கு வந்தது.

தற்காலிக நியமனம் முடிந்த மார்ச் முப்பத்தொன்றில் கணினி அறைச் சாவியை என்னிடம் தந்தாள்.

"பதில் வந்தா சொல்லி அனுப்புங்க சார். ஊட்டுலதான் இருப்பேனுங்க."

வந்தது. ஊழியர்மேல் தவறில்லை, தற்போது பணியில் இருப்பாரேயானால் நிரந்தரமாக்கலாம் என்றிருந்தது. மலையில் ஐப்பசித் துலாமழை பிடித்திருந்தது. தபாலைப் பிரித்து, பெற்ற தேதியை நானே முத்திரையிட்டேன்: அக்டோபர் பதினேழு.