லெப்பாஸ் என்றால் விடு

எங்கள் தாமான் குடியிருப்பை விட்டு வெளியேறும் வளைவில் மகேஸ்வரன் அண்ணன் பிரேக்கை மூன்று தடவை விட்டு விட்டுப் பிடிக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி கஸ்தூரி அக்காவின் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மூன்று தடவை இடிக்கிறது. "ஒரே தடவையில புடிச்சா என்னங்க?" என்று அக்கா கேட்காமல் எங்கள் மாசாய் ஊரில் ஒரு காலையும் விடிந்ததில்லை.

அண்ணனுக்கு வயது ஐம்பத்து மூன்று. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அக்காவுக்கும் அங்கேயே வேலை. முப்பது வருடம் ஓட்டிய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் அழுத்திப் பிடித்தால் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். விட்டு விட்டுப் பிடித்துத்தான் முழு உடம்போடு வீடு வந்து சேர்ந்தார். போன மாதம் வாங்கிய புது வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. விட்டு விட்டுப் பிடிக்கிற வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் அழுத்திய பிடியை விடாமல் இருந்தால் போதும். இந்தச் சும்மா இருக்கிற வேலைதான் அண்ணனைப் படாத பாடு படுத்துகிறது.

"புடிச்சா கையில டுர்ருங்குது தம்பி. ஏதோ ரோசாக் ஆயி கெட்டுப்போச்சின்னு பயந்து விட்டுர்றேன். அப்ப நா புடிக்கிறனா, அது புடிக்குதா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. என் வண்டியில் ஹாரனே ஒழுங்காக அடிக்காது.

அப்படிப் பயந்து விட்டதில், ஒரு மழை நாளில் லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார்கள். "இன்னொரு தடவ பிரேக்க விட்டீங்கன்னா நா கம்பெனி வேன்ல போயிருவேன்" என்றார் அக்கா. இருபத்திரண்டு வருடமாக ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள். அண்ணன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரச் சீனர் கையைத் துடைத்தபடி மலாயில் சொன்னார்: "தெக்கான் குவாட், லெப்பாஸ் து டியா பெர்ஹெந்தி லா." பலமாக அழுத்து, அதற்குப் பிறகு வண்டி நிற்கும் என்பது அவர் சொன்னது. ஆனால் மலாயில் 'லெப்பாஸ்' என்றால் 'பிறகு' என்றும் பொருள், 'விடு' என்றும் பொருள். முப்பது வருடப் பழக்கம் எதைக் கேட்கும்? அழுத்து, விடு, நிற்கும் என்று எடுத்துக்கொண்டார் அண்ணன்.

"பாத்தியா, அவனே விடச் சொல்லிட்டான்." முகமெல்லாம் சிரிப்பு.

விளக்கிச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

"அப்ப விடக் கூடாதா?"

"கூடாதுண்ணே."

"நடுங்குனாலுமா?"

"நடுங்குனா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"நல்லா இருக்கிற பொருளு ஏன்பா நடுங்குது?"



நேற்றுக் காலை நல்ல மழை. சிக்னலுக்கு முன்னால் அவர்களுக்குப் பின்னே என் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன கார் திடீரென்று நின்றது. அண்ணனின் தோள் இறுகியது. வண்டி வழுக்கவில்லை, கோணவில்லை. நேராகப் போய், காருக்கு ஓர் ஆள் நீளம் இருக்கும்போதே நின்றது.

பச்சை விழுந்தது. கார் போய்விட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அண்ணன் அசையவில்லை. அக்கா அவர் விலாவோரமாகக் கையை முன்னே நீட்டி, பிரேக்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.