கட்டக் கட்டக் குறையாத கடனும் ஒரு பழைய காரும்

பிரேக்கை மிதிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறவர்களையும், இடது பக்கம் என்றால் எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று யோசித்துத் திரும்புகிறவர்களையும் ஓட்டுநர்களாக்கி அனுப்பியவள் கிளட்ச் அக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பல வருஷமாக வேலை. நாள் முழுக்க அவள் வாயில் வரும் சொல் அதுதான் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர்.

"தூக்கத்துல கூட 'கிளட்ச், கிளட்ச்'ங்கிற. நான் காலை எடுத்து எங்க வைக்கிறது?" என்பார் வீட்டுக்காரர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருப்பவர். பேச்சையும் அளந்துதான் வெட்டுவார்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. சொந்தமாக ஒரு பயிற்சிக் கார். முதலாளியின் வண்டியில் சம்பளத்துக்கு உட்காராமல், தன் வண்டியில், தன் மாணவர்களோடு. பெண்கள் பலர் அவளிடம்தான் கற்றுக்கொள்வோம் என்று காத்திருந்தார்கள். திட்டினாலும் அக்கா திட்டினால் உறைக்காது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு.

அண்ணன் அப்பாவின் மனையை விற்று, அவள் பங்கைக் கணக்கில் போட்டபோது, ஆசைக்குக் கால் முளைத்தது. மறுநாளே புதுக் கார் விற்கும் ஷோரூமில் போய் நின்றாள். முன்பணத்துக்குப் பங்குப் பணம் இருக்கிறது. மிச்சத்துக்கு லோன். விற்பனைப் பையன் கணினியில் தட்டிப் பார்த்தான்.

"மேடம், உங்களுக்குக் கிரெடிட் கார்டுல பாக்கி இருக்கே?"

"அதுவா? ஒரு மாசம் கூடத் தவறினதில்ல தம்பி. நான் ஒழுங்கா கட்டுறேன்னு அவங்களே லிமிட்டை ரெண்டு தடவை ஏத்திக் குடுத்திருக்காங்க."

"கட்டுறீங்க மேடம். ஆனா பாக்கி குறையலையே. போன வருஷத்தைவிட ஏறித்தான் இருக்கு." திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் கேட்கப்போன லோனில் பாதி அளவுக்கு அங்கே ஓர் எண் நின்றது.

பெரிதாக எதுவும் வாங்கியதில்லை. நகை இல்லை, சுற்றுலா இல்லை. நடந்தது வேறு. லைசென்ஸுக்கான கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒத்துவராது. "அக்கா, நீங்களே போட்டுடுங்க, கையில தந்துடுறேன்" என்பார்கள். அக்கா தன் கார்டில் போடுவாள். ரொக்கம் உடனே கைக்கு வந்துவிடும். வந்த ரொக்கம் வீடு போய்ச் சேர்வதற்குள் காய்கறியாகவும், மகளின் பஸ் பாஸாகவும், கேஸ் சிலிண்டராகவும் மாறிவிடும். பில் வரும் நாளில், இது நம்ம செலவே இல்லையே, மாணவர்கள் செலவல்லவா என்று மனசு ஆறுதல் சொல்லும். மாணவர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள் என்பதை அது சொல்லாது. பில்லின் ஓரத்தில் "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது" என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதை நாள் தவறாமல் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். அவ்வளவு கட்டணங்களைக் கார்டில் போட்டதற்குப் புள்ளிகள் சேர்ந்து, சக்கரம் வைத்த பயணப் பெட்டி ஒன்று இலவசமாக வந்தது. வீட்டில் யாரும் பயணம் போவதில்லை. பெட்டி பீரோ மேல் ஏறி உட்கார்ந்தது.

ஷோரூமிலிருந்து வெளியே வந்து, முதலாளியின் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கார்டு நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, நான் இந்தக் குறைஞ்சபட்சத்தை மட்டும் கட்டிட்டே வந்தா எப்ப முடியும்?"

மறுமுனைப் பெண் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தாள். "மேடம்... பாக்கிக்கு மாசம் நூத்துக்கு மூணரை வட்டி. அதுக்கு மேல வரி."

"அது இருக்கட்டும். எப்ப முடியும்?"

குரல் தணிந்தது. "புதுசா ஒண்ணும் வாங்கலைன்னாலும் பல வருஷம் ஆகும் மேடம். புதுசா போட்டுட்டே இருந்தா... முடியாது."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்ல மேடம்."

"இந்தக் கடன் முடியுறப்ப உன் பேரப்பிள்ளைதான் போனை எடுத்து எங்கிட்டப் பேசும் போலிருக்கே!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த மாணவியை ஏற்றிக்கொள்ளப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தன் வந்திருந்தான். பங்குப் பணம் வந்த செய்திக்கு அவன் காது எப்போதுமே கூர்மை.

"அண்ணி, எங்க ஆளு ஒருத்தர்கிட்டக் குடுத்தா மாசம் நூத்துக்கு நாலு தர்றார். உங்க காசு படுத்துக்கிட்டே சம்பாதிக்கும். கார் தவணையை அந்த வட்டியே கட்டிடும்!"

"எதுல போட்டு நாலு தர்றாராம்?"

"அதெல்லாம் கேட்டா நம்மளைச் சேர்த்துக்க மாட்டார் அண்ணி."

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இதுதான் நேரம் என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கார்டு விஷயத்தைச் சொல்லி முடித்தாள். தொகையையும் சொன்னாள். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு பீரோவின் மேலே பார்த்தார்.

"அந்தப் பெட்டி ஓசின்னு சொன்னியே?"

"ஓசிதாங்க வந்துச்சு..."

"உலகத்துலயே விலை அதிகமான பெட்டி நம்ம வீட்லதான் இருக்கு."

அவர் சிரித்தது அவளுக்குத் திட்டு வாங்கியதைவிடப் பெரிய தண்டனையாகவும், அதே நேரம் பெரிய தைரியமாகவும் இருந்தது.

"பங்குப் பணத்தைக் கார்டுலயே கட்டப் போறேன். முழுசா" என்றாள்.

கொழுந்தன் துள்ளினான். "ஐயோ அண்ணி! கார்?"

"கார் இப்ப இல்ல."

"அப்பன் சொத்தைக் கொண்டுபோய் பேங்க்காரன் வாயில போடுவாங்களா? நாளைக்கு என்ன வாங்கினேன்னு காட்டுவீங்க?"

"தம்பி, நீ சொல்ற ஆளு நாலு தர்றேன்னு சொல்றார், தரலாம், தராம போகலாம். இதைக் கட்டினா எனக்கு மாசம் மூணரை நிச்சயமா மிச்சம். இதைவிட நல்ல முதலீடு எவன் வெச்சிருக்கான்? காட்டு, போடுறேன்."

திங்கட்கிழமை காலை அவள் ஒரே தவணையில் கட்டினாள். கணக்கில் மிஞ்சியது ஒரு மாச வீட்டுச் செலவுக்குக் கூடக் காணாது. ஷோரூம் பையன் போன் செய்தபோது, "இப்ப வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் அந்தக் காரைப் பற்றிப் புலம்பி யாரும் கேட்டதில்லை.

கடனை அடைத்தவர்கள் பலர் உண்டு. அடைத்த பிறகு மறுபடி விழாமல் நின்றவர்கள் குறைவு. அக்கா நின்றாள். மாணவர்கள் தரும் கட்டணத்துக்குத் தனிக் கணக்கு. ரொக்கம் கைக்கு வந்தால் முதலில் அங்கே போய்த்தான் மறுவேலை. கார்டில் போட்டதை அந்தக் கணக்கிலிருந்தே மாதாமாதம் முழுசாகக் கட்டினாள். குறைந்தபட்சம் என்ற வரியைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. முன்பு வட்டிக்குப் போன பணத்தில் முதலில் ஆபத்துக்கென்று நாலு மாசச் செலவைச் சேர்த்தாள். அதற்குப் பிறகுதான் கார். இரண்டு மூன்று வருஷத்தில் வேண்டிய பணம் என்பதால் அதை ஏறி இறங்கும் எதிலும் போடாமல், வங்கியில் மாதாந்திர டெபாசிட்டாகப் போட்டாள். வயதான காலத்துக்கு மட்டும், பல கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும், கட்டணம் குறைவான ஃபண்டு ஒன்றில் சின்னத் தொகை.

அந்த நாட்களில்தான் காப்பீட்டு முகவர் ஒருவன் கார் பழக வந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாயை மூட மாட்டான்.

"அக்கா, ஒரு பாலிசி இருக்கு. காப்பீட்டுக்குக் காப்பீடு, முதலீட்டுக்கு முதலீடு. பத்து வருஷம் கட்டினா போதும்..."

"கிளட்ச். சரி, மூணாவது வருஷம் முடியலைன்னு நிறுத்தினா?"

"நிறுத்தக் கூடாதுக்கா."

"கூடாதுதான். நிறுத்தினா?"

"கொஞ்சம் குறைச்சுத் தருவாங்க."

"போட்டதைவிடக் குறைச்சலா?"

"...ஆமாக்கா."

"முதல் வருஷம் நான் கட்டுறதுல உனக்கு எவ்வளவு?"

நாற்சந்தி நடுவில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை.

"பதட்டப்படாத. கிளட்சை மிதி, சாவியைத் திருப்பு. நான் உன்னைத் திட்டலையே, கேள்விதானே கேட்டேன்? வெறும் காப்பீடு மட்டும் தனியா இருந்தா சொல்லு. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு எடுக்கணும்."

அவன் கொண்டுவந்தான், அவளும் எடுத்தாள். அதில் அவனுக்குக் கிடைத்தது சொற்பம்தான். ஆனாலும் தேர்வில் பாஸானதும் முதல் போன் அவளுக்குத்தான் போட்டான்.

சோதனை வராமலில்லை. அந்த ஆளிடம் தன் பணத்தைப் போட்டிருந்த கொழுந்தனுக்கு மாதாமாதம் நாலு வந்தது. புது பைக்கில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தான். ஒரு முறை சந்தை சரிந்த வாரத்தில், "அண்ணி, உங்க ஃபண்டு குப்புற விழுந்துடுச்சாமே!" என்று போனிலேயே குதூகலித்தான்.

"விழுந்தா எந்திரிக்கட்டும். அது நான் கிழவியானதுக்கப்புறம் எடுக்குற காசு. கார் காசு வேற இடத்துல பத்திரமா இருக்கு. உன் ஆளுகிட்ட அசலைத் திருப்பிக் கேட்டியா?"

"அதான் வட்டி வருதே அண்ணி, அசல் எதுக்கு?"

இன்றும் அசலைப் பற்றிக் கேட்டால் அவன் கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்றிவிடுகிறான்.

முதலாளி பள்ளிக்குப் புது வண்டிகள் வாங்கியபோது, அவள் ஓட்டிக்கொண்டிருந்த பழையதை விற்பதாகச் சொன்னார். எந்த கியர் எந்த மழையில் முரண்டு பிடிக்கும் என்பது வரை அவளுக்குத் தெரிந்த வண்டி. புது வண்டியில் பாதி விலைக்குப் பேசி முடிந்தது.

"பாதியை இப்பக் குடும்மா, மிச்சத்தைச் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்" என்றார் பெரிய மனசோடு.

"முழுசா இருக்கு சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நீ நின்னுடுவ?"

"இந்த மாசக் கடைசி வரைக்கும் வர்றேன் சார்."

"இங்க பழகுற பிள்ளைங்க பாதி உன் பின்னாடியே போயிடும்னு எனக்குத் தெரியும்" என்று முனகிக்கொண்டே சாவியை மேசையில் தள்ளினார். கோபமாகச் சொல்ல நினைத்திருப்பார், பெருமையாகத்தான் வந்தது.

வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்து ஓரமாக நிறுத்தினாள். காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்த துணிக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி காலைல ஆறரைக்கு வந்துடு. செருப்பு வேணாம், ஷூ போட்டுக்கோ."

"சரிக்கா. டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு வரட்டுமா?"

"வேணாம்மா. நானே உன் வீட்டு வாசலுக்கு வர்றேன். என் வண்டியில."