ஓய்வு என்று நான் எழுதிய ஒரு மணி நேரம்

கொச்சியில் நடந்த வியாபாரக் கண்காட்சியிலிருந்து முதலாளி ஒரு துணிப்பை நிறைய விளம்பரத் தாள்களோடு திரும்பினார். போடியில் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, வடக்கே அனுப்புகிற கம்பெனி அது. கணினி படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். பிரிண்டர் மக்கர் செய்தாலும் முதலாளியின் போனில் படம் திறக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பையை என் மேசைமேல் கவிழ்த்தார்.

"எல்லாரும் இதுதான் வருங்காலம்ங்கறான். எது வருங்காலம், எது வாய்ச்சவடால்னு நீ பாத்துச் சொல்லும்மா. ஒரு மாசம் எடுத்துக்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குமுன் மூன்று வருடம் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். யாரோ முடிவு செய்ததை யாரோ சொன்ன தேதிக்குள் செய்து கொடுப்பதுதான் அங்கே வேலை. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பிறகு, முதன்முறையாக ஒருவர் என்னிடம் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டார்.

தாள்களைப் பிரித்து ஐந்து குவியல் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். இப்போது என்ன கஷ்டம்? அதை இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்? இது வந்தால் என்ன மாறும்? வராவிட்டால் என்ன நஷ்டம்? எதை வாங்கினாலும் முதலில் எழுதிப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம்.

முதல் குவியல் பிளாக்செயின். கடையில் வாங்குகிறவர் பாக்கெட்டைப் போனில் காட்டினால் எந்தத் தோட்டத்துக் காய் என்று தெரியும் என்றார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் காய் உலர்த்துகிற கூடம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்பது பேருடைய பச்சைக்காய் ஒரே அடுப்புச் சூட்டில் உலர்ந்துகொண்டிருந்தது. இதில் யாருடையது எது என்று அடுப்புக்காரரிடம் கேட்டேன்.

"மோளே, அடுப்புக்குள்ள போனப்புறம் காய்க்கு ஏது அப்பன் பேரு?" என்றார்.

இரண்டாவது, அந்த அடுப்புக்கு சென்சார். கூடத்தில் போனுக்கே சிக்னல் இல்லை. மூன்றாவது, நான்கு பேர் உட்காருகிற ஆபீசுக்கு, நாற்பது பேரிடம் அனுமதி வாங்கச் சொல்கிற ஒரு மென்பொருள். நான்காவது, ஏலத்தில் நாளை என்ன விலை போகும் என்று முன்கூட்டிச் சொல்கிற செயற்கை நுண்ணறிவு. போன வருடத்து விலைகளைக் கொடுத்துச் சொல்லிக் காட்டச் சொன்னேன். முந்தின நாள் விலையையே மறுநாளுக்கும் சொல்லியது. அதை வரைபடமாகப் போட்டு, விற்க வந்தவரிடமே காட்டினேன். அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நான்கும் வேண்டாம் என்று எழுதினேன். முதலாளி ஏல மையத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "நம்ம புள்ள நாலு கம்பெனிக்காரனை வெரட்டிட்டா. ஏமாத்த முடியாது." அந்தப் பேச்சு என் காதுக்கு வந்த அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு பெருமை.

ஐந்தாவது, காய் பிரிக்கிற கேமரா மெஷின். காய் ஒரு பட்டையில் ஓடும். மேலே கேமரா பார்க்கும். வெடித்ததையும் நிறம் கெட்டதையும் காற்று ஊதித் தள்ளும். சோதித்துப் பார்க்க ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் குடோனிலேயே வைத்திருந்தார்கள்.

அந்த வேலையை எங்கள் குடோனில் இருபத்திரண்டு பெண்கள் செய்தார்கள். தரையில் உட்கார்ந்து, முறத்தைக் காலுக்கிடையில் வைத்து, கையால் பிரிப்பார்கள். அவர்களில் ராசிங்காபுரத்திலிருந்து டவுன்பஸ்சில் வருகிற ஓர் அக்கா உண்டு. மலையில் காய் எடுக்கப் போன இடத்தில் மழை ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவர். நேராக நடப்பார், குனியவும் ஏறவும் முடியாது. இடுப்புக்கு ஒத்துவருகிற மாதிரி உட்கார்ந்து செய்கிற சோலி இந்தச் சுற்றுவட்டத்தில் அவருக்கு இது ஒன்றுதான். புருஷன் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மெஷின் வந்தால் முதலில் வெளியே போகிறவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"என்னத்தா, எங்களுக்கு மார்க்கு போடப் போறியாமே?" என்றார், நான் நோட்டோடு போய் நின்ற முதல் நாள்.

"உங்களுக்கு இல்லக்கா. மெஷினுக்கு."

"மெஷினு பாஸானா நாங்க பெயிலுதான?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளூர எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சரியாக அளந்தால் கைதான் ஜெயிக்கும், மெஷினையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அதனால் ஒரு பக்கம் சாயாமல் அளக்க வேண்டும் என்று கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்து, யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கால்மணிக்கு ஒரு வரி எழுதினேன். மூட்டை பிரிப்பது, சலிப்பது, முதல் முறம், டீ, இரண்டாம் முறம், சாப்பாடு. இரண்டிலிருந்து மூன்று மணி வரை அவர்கள் காலை நீட்டிக்கொண்டு கதை பேசினார்கள். அதற்கு நேராக 'ஓய்வு' என்று எழுதினேன். மூன்று நாளும் அதே.

பரீட்சை நாளில் ஒரே மூட்டைக் காயை இரண்டாகப் பங்கிட்டேன். பாதி பெண்களுக்கு, பாதி மெஷினுக்கு. சாப்பாட்டுக்கு முன்னால் முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பக்கமும் மாதிரி எடுத்து, பாதியை உடனே லென்ஸ் வைத்துப் பார்த்து எண்ணினேன். மீதியை உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன். பெண்கள் பிரித்ததில் தப்பிவந்த வெடிப்புக்காய் மெஷின் பக்கத்தைவிட இரு மடங்கு இருந்தது. மறுபடி எண்ணினேன். மாறவில்லை.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். மெஷின் ஏற்கத் தக்கது. அதற்குக் கீழே, கூடுதல் குறிப்பாக: கைப் பிரிப்பில் தினமும் ஒரு மணி நேரம் வேலை நடப்பதில்லை. அதை எழுதியபோது அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததற்காக எண்ணை மாற்றக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலாளி ஒரு வார்த்தைகூட எதிர்த்துக் கேட்கவில்லை. நாலை வேண்டாம் என்றவள் ஒன்றை வேண்டும் என்கிறாள். அது போதும் அவருக்கு. நான் நிராகரித்த நான்கும்தான் ஐந்தாவதுக்குச் சாட்சி சொன்னவை. மெஷினுக்கு ஆர்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம். ஆடிக் காற்று குடோன் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மதியம் கரண்ட் போனதால் மாடியிலிருந்து இறங்கி, பெண்கள் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா, மருமகன் வாங்கிய பழைய பைக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே விரல்கள், காலையில் பிரித்த காயைப் பக்கத்தில் விரித்திருந்த துணியில் ஓடின. இரண்டு வார்த்தைக்கு ஒரு காய் எடுத்துப் பின்னால் போட்டன. சுற்றிலும் பார்த்தேன். எல்லார் கையும் அப்படித்தான் இருந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"என்னத்தப் பண்றேன், கத பேசுறேன்."

"கையில?"

"இதா? வாய் தொறந்தத எடுத்துப் போடுறேன். மலக்காயி ஈரத்துல வாயை மூடிக்கிட்டுத்தான் வரும். காலையில பாத்தா எல்லாம் நல்ல புள்ளயா இருக்கும். கீழ நம்மூரு காத்துல ரெண்டு மணி நேரம் கெடந்துச்சுன்னா, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி ஒவ்வொண்ணா வாயைத் தொறக்கும்."



"அன்னைக்கு ஏன்க்கா சொல்லல?"

"நீ பன்னெண்டு மணிக்கே வந்து மொறத்தைப் புடுங்கிட்டுப் போயிட்ட. வெரசா முடிங்கன்னு நீதான சொன்ன? கத பேசுறதையும் சோலின்னு எழுதிக் குடுக்கணும்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு மார்க்கு போட்டிருப்பா" என்றார் பக்கத்திலிருந்தவர்.

மேலே ஓடி, அலமாரியிலிருந்து உறைகளைக் கொண்டுவந்தேன். மெஷின் பிரித்த காயைத் துணியில் விரித்தேன். பக்கத்தில் பெண்கள் பிரித்ததையும் விரித்தேன். மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏலக்காய் வெடிப்பதற்குச் சத்தம் கிடையாது. ஒரு கோடு தெரியும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குள் கறுப்பாக விதை தெரியும். இரண்டு பக்கமும் காய்கள் திறந்துகொண்டே வந்தன. பெண்கள் பக்கத்தில் திறந்ததையெல்லாம் அவர்கள் அன்று மதியமே எடுத்துப் போட்டிருப்பார்கள். மெஷின் பக்கத்தில் திறந்தது, வடக்கே வாங்குகிறவர் தட்டில் போய்த்தான் தெரிந்திருக்கும்.

வேறு மூட்டைகளை வைத்து மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். மூன்று நாளும் கைதான் ஜெயித்தது. நான் ஓய்வு என்று எழுதிய அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஜெயித்தது.

திருத்திய அறிக்கையோடு முதலாளி முன்னால் நின்றேன். தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார்.

"இது நெசமா?"

"ஆமா சார். காயைக் கொண்டுவந்து காட்டவா?"

"வேணாம், நீ சொன்னா சரிதான்." தாளை மடித்தார். "நல்லதாப் போச்சு. மெஷின் பிரிச்சதைத் தார்ப்பாய்ல விரிச்சுப் போட்ருவோம். மூணு மணிக்கு நாலு பொம்பளைக நடந்து பாத்துப் பொறுக்கட்டும்."

"சார், மெஷினே வேணாம்னு சொல்ல வந்தேன்."

"அந்த நாலும் வேணாம்ன. கேட்டேன். இதை வேணும்ன. அதையும் கேட்டேன். இப்ப இதுவும் வேணாம்னா, நான் ஒன்னோட எந்தப் பேச்சை நம்புறது?" குரலில் கோபமே இல்லை. "வடக்க வாங்குறவனுக்கு மெஷின் போட்டோ அனுப்பியாச்சும்மா. போட்டோவைப் பாத்துட்டே அவன் ஆர்டரை ஏத்திட்டான். கை படாத காயின்னு அவன் டப்பாவுல போட்டுக்குவான்."

என் நான்கு கேள்விகளில் போட்டோவைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த மெஷினின் மதிப்பு முழுவதும் அந்தப் போட்டோவில்தான் இருந்தது. என் முதல் அறிக்கை தப்பாக இருந்தபோதும் மெஷினை வாங்கினார். அது சரியாக இருந்து, வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பார்.

நான் வாசல்வரை வந்ததும் கூப்பிட்டார். "அந்த நாலு பேரு யாருன்னு நீயே பாத்து எழுதிக் குடு. நீதான் அவுகளைக் கவனிச்சவ."

இரண்டு நாள் எழுதவில்லை. பிறகு எழுதினேன். தார்ப்பாய் குடோன் முழுக்க விரியும். அதன்மேல் குத்துக்காலிட்டு நகர்ந்துகொண்டே போக வேண்டும், எழுந்து குனிந்து, திரும்ப உட்கார்ந்து. தார்ப்பாய்க்குப் பதில் உயரமான மேசைகள் போட்டால் என்ன என்று கேட்டேன். மேசை போட்டால் லாரி மூட்டை எங்கே இறங்கும் என்றார். இடத்தை அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. அக்காவின் பெயரை ஐந்தாவதாக எழுதி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அடித்தேன்.

அக்காவிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை மாலை, முறத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சேலையை உதறிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"எனக்கே தெரியும்த்தா. நான் எங்கிட்டுக் குனிஞ்சு நடக்க?"

தூக்குவாளியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்ப எடுத்து மூடினார்.

"அன்னைக்கு ஒங்கிட்ட வாயைக் குடுக்காம இருந்திருக்கணுமோ?"

"இல்லக்கா. நீங்க சொன்னதாலதான் நாலு பேருக்காவது சோலி இருக்கு."

"அந்த நாலுல நான் இல்லையே" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்த மாதிரி சொன்னார்.

மெஷின் ஓடுகிறது. வடக்கிலிருந்து ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை. வெளியூர் வியாபாரிகள் வந்தால் முதலாளி என்னை அழைத்து, இதைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பொண்ணுதான் என்று அறிமுகப்படுத்துகிறார். எப்படிப் பார்த்தாலும் என் முடிவு சரியானது. நான் அதை மறுப்பதில்லை. மறுத்தாலும் தன்னடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு காலையில் அப்பாவுக்கு மருந்து வாங்கப் போனபோது, மலைத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் நிற்கிற இடத்தில் அக்காவைப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டி, கையில் அதே தூக்குவாளி. ஜீப்புக்குள் பத்துப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர் பின்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மற்ற காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

நான் போய்ப் பின்னால் நின்றேன். திரும்பிப் பார்த்தார்.

"நீயாத்தா? தள்ளு. பயந்துக்கிட்டே தள்ளாத, வெரசா."

இரண்டு கையையும் அவர் இடுப்புக்குக் கீழே கொடுத்துத் தூக்கித் தள்ளினேன். வலியில் ஒரு முனகல் வந்தது. உள்ளே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். யாரோ இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்தார். ஜீப்பு போடிமெட்டு ரோட்டில் திரும்பியது.