கிழக்கு வாசல் வைத்த ட்ரெய்லர்

என் அண்ணன் திருச்செல்வத்துக்கு வெல்டிங் அருமையாக வரும். மூளைதான் சில நாள் லீவு போட்டுவிடும். லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர், லோரி என்று எதைக் கொடுத்தாலும் ஒட்டித் தருவான். ஆனால் மனைவி லோகேஸ்வரியை அவள் பிறந்த தோட்டத்துக்கு மறுபடி ஒரு தரம் கூட்டிப்போக மட்டும் பல வருஷமாக அவனுக்கு வழி தெரியவில்லை.

அண்ணி செம்பனை எண்ணெய் ஆலையில் எடைக் கணக்கு எழுதுகிற கிராணி. ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனபோது, லோரியிலிருந்து விழுந்து கிடந்த செம்பனைக் குலையில் ஏறிக் கவிழ்ந்தாள். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். "ஊரே அந்தப் பழத்துல சம்பாரிக்குது. எனக்கு மட்டும் காலைப் புடுங்கிக்கிச்சு" என்பாள். வீட்டுக்கு வந்து "ஐயோ பாவம்" என்று இழுப்பவர்களுக்குத் தேத்தண்ணி கூடக் கிடைக்காது.

விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை கெமாஸ் பக்கத்தில் இருக்கும் தன் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போனாள். காரிலிருந்து இறக்க நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் அக்குளில் கை கொடுத்தான். அவள் சித்தப்பா மகன் அர்ச்சுனன், "பாத்துடா, வெயிட்டு!" என்று ஊருக்கே அறிவித்தான். தூக்கிய தூக்கில் பட்டுச்சேலை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. கழிவறைக்கும் அதே ஊர்வலம். எல்லாரும் நல்ல மனசோடு செய்ததால் திட்டவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரே பேச்சாகச் சொன்னாள்: "இனிமே எந்த ஆம்பளையும் என்னைத் தூக்கக் கூடாது. என் சக்கரத்துல நானா போனாத்தான் அம்மன். இல்லன்னா அவ அங்க, நான் இங்க."

பலகை வைத்து வழுக்கிக் காருக்கு மாற அவளே பழகிக்கொண்டாள். ஆனால் திருவிழா முடியும் வரை மூத்திரத்தை அடக்கிக்கொண்டு சாமி கும்பிட முடியுமா?

அப்போதுதான் ரஹாங்கில் கல்யாணச் சமையல் செய்கிற ஒருவர், அண்டா குண்டா ஏற்றும் மூடிய ட்ரெய்லரை விற்றார். அண்ணன் இழுத்து வந்து வீட்டோரம் நிறுத்தினான். உள்ளே போனால் ரசத்துக்குள் இறங்கியது மாதிரி இருந்தது. எவ்வளவு தேய்த்தும் வெயில் ஏறினால் இன்றைக்கும் பெருங்காயம் மணக்கிறது.

அண்ணன் நாற்காலியை மட்டும் அளந்துவிட்டு இரும்பை வெட்டப் போனான். அண்ணி விடவில்லை. காலிப் பெட்டிக்குள் பலகை சாய்த்துத் தானே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, என்னைத் தரையில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னாள். "நாக்காலியா ஊருக்குப் போவுது? என் முழங்கை வெளிய நிக்குது பாருங்க. அதையும் அளங்க." அந்தக் கோட்டைச் சுற்றித்தான் எல்லாம் வந்தது. நாற்காலி உயரத்துக்கே கட்டில், முட்டி நுழைகிற மாதிரி கீழே திறந்த கைகழுவும் தொட்டி, பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் வைத்த கழிவறை, சாமி படம் வைக்க ஒரு தட்டு.

இவ்வளவும் சரியாகப் போனதால்தான் அண்ணனுக்கு வாஸ்து ஞாபகம் வந்தது. ட்ரெய்லரின் பின்கதவு தெற்கே பார்த்திருந்தது. தெற்கு எமன் திசை என்று வாட்சாப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். பின்கதவை ஒட்டி அடைத்து, கிழக்கே பார்த்த வலப்பக்கத்தில் புதுக் கதவு வெட்டி, அதில் சாய்தளம் வைத்தான்.

"வண்டிக்கு ஏதுங்க கிழக்கு? அது ஓடுமில்ல?" என்றாள் அண்ணி.

"கட்டும்போது எந்தத் திசையோ அதான்லா கணக்கு!"

வீட்டில் ஏறி இறங்கிப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை.

திருவிழாவன்று கெமாஸ் வரை, ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்த காரில் வந்தாள். அங்கே ஒரு காலித் திடலில் நிறுத்தியதும் ட்ரெய்லருக்கு மாறி, குளித்து, அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள். மிச்ச தூரம் சின்னதுதான் என்று அவளை உள்ளேயே வைத்து, அண்ணன் ஆமை மாதிரி ஓட்டினான். நான் அவளோடு இருந்தேன்.

கோயில் சந்தில் எல்லாரையும் போல இடது ஓரம் நிறுத்தினான். கோயில் இடப்பக்கம். எங்கள் கதவோ வலப்பக்கம். சந்து அவ்வளவு ஒடுக்கம்; கதவைத் திறந்தால் நேர் கீழே லோங்காங் சாக்கடையில் மழைத்தண்ணீர் சுழித்து ஓடியது. முன்னும் பின்னும் கார்கள். அண்ணன் இறங்கி வந்து லோங்காங்கைப் பார்த்தான். எனக்கு அவனை அதில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

செய்தி பரவியதும் ஆட்கள் ஓடி வந்தார்கள். முதல் ஆள் அர்ச்சுனன்தான். "ஒன்னும் பிரச்சனை இல்லக்கா, தூக்கிரலாம்லா!"

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. மடியில் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்தேன்.

"அர்ச்சுனா, என்னைத் தொட்டே, நாக்கைப் புடுங்கிருவேன்" என்றாள். பிறகு எட்டிப் பார்த்து ஆட்களை எண்ணினாள். "தூக்குற தெம்பு இருக்குல்ல? கார்லேர்ந்து கழட்டிட்டு வண்டியத் திருப்புங்கடா!"

ட்ரெய்லரைக் கழற்றினார்கள். கோயில் திடலின் வாய் வரை தள்ளி, தேர் வளைக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றினார்கள். அர்ச்சுனனுக்கு மூச்சு வாங்கியது. ஜன்னலில் அண்ணியைப் பார்த்து ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நான் சாமி இல்ல ஆயா. சாமிகிட்டதான் போறேன்" என்ற அண்ணி, அர்ச்சுனனைக் கூப்பிட்டாள். "என்னாடா, வெயிட்டா?"

"இல்லக்கா" என்றான், வியர்வையை வழித்துக்கொண்டே.

கதவைத் திறந்து சாய்தளத்தை இறக்கினோம். அண்ணன் சூரியனைப் பார்த்தான், கோயிலைப் பார்த்தான், விரலால் ஏதோ கணக்குப் போட்டான். பிறகு அசடு வழிய நின்றான்.

"தெக்கு" என்றான்.

"இருக்கட்டும். எமன் வந்தா அவனையும் தள்ளச் சொல்லுவேன்" என்று அண்ணி சக்கரத்தைப் பிடித்தாள். நாலைந்து கைகள் தானாக நீண்டன. அவள் பார்த்த பார்வையில் எல்லாம் மடங்கிப் பின்னால் போயின. அண்ணன் அழுதான், நானும் அழுதேன். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் வழிவிட, சேலை மடிப்பு ஒன்று கூடக் கலையாமல் அம்மன் முன்னால் போய் நின்றது அந்த நாற்காலி.