திரைக்குள் ராத்தா

கட்டுநாயக்க விமான நிலையத்தில், கதவில்லாத நிலைபோல நின்ற சோதனை யந்திரத்தின் முன்னால் ராத்தா நின்றுவிட்டாள். எண்பதுகளின் நடுப்பகுதி. லீவில் வந்துபோன மச்சான் விசா அனுப்பியிருந்தார். என் மூத்த சகோதரியான ராத்தா, சவூதியிலிருந்த தன் கணவரிடம் புறப்பட்டிருந்தாள். வழியனுப்ப எங்கள் ஊர் சாய்ந்தமருதிலிருந்து ஒரு வேன் நிறையச் சனம். “நான் இதுக்குள்ளால போகமாட்டன்” என்றாள் ராத்தா. சோதனை செய்த பெண் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ராத்தாவுக்குச் சிங்களம் தெரியாது. வாப்பாவின் கடை சிங்களவர் வாழும் அம்பாறை டவுனில் இருந்ததால் எனக்குச் சிங்களம் தெரியும். தடுப்புக்கு வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டு, இருவரையும் ஒரு திரைக்குள் அழைத்துப் போனார் அதிகாரி.

ஏன் பயப்படுகிறாள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ராத்தா என் காதோடு சொன்னாள்: “வகுத்துல புள்ள இருக்குடி. அந்த மிசின் எக்ஸ்ரே மாதிரிதானே? ஏற்கெனவே ரெண்டு தங்கல்ல. உம்மாக்குத் தெரிஞ்சா என்னப் போக உடமாட்டா.”

எங்கள் வீட்டில் ஒருத்தி தும்மினால் மூன்று அறைகளிலிருந்து பதில் வரும். அங்கே எப்படித்தான் இதை மறைத்தாளோ! அப்படிப்பட்டவள் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், அதுவும் என் வாயால், அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது. இது எக்ஸ்ரே இல்லை, பிள்ளையை ஒன்றும் செய்யாது என்றார் அதிகாரி. ராத்தா அசையவில்லை. சரி, கையாலேயே பார்க்கிறேன் என்று, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி மெதுவாகத் தடவிப் பார்த்தார். முடிந்ததும் எங்களை உள்ளே விட்டுவிட்டு, திரையை இழுத்து மூடி வெளியே போய் நின்றார்.

ராத்தா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். சாரி மடிப்பைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. “தெரியுதா?” என்றாள். “ஓம்” என்று கூசாமல் பொய் சொன்னேன். இருவரும் சத்தம் வராமல் சிரித்தோம், அழுதோம்.

போன வருடம் மக்காவுக்கு உம்றா செய்யப் புறப்பட்டபோது, விமான நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் கைகளைத் தூக்கி நிற்கச் சொன்னார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லையாம், உருவமும் தெரியாதாம். நல்லதுதான். யாரும் தொடவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ ராத்தாவின் நினைவுதான் வந்தது. வருகிறேன் வருகிறேன் என்று எழுதிக்கொண்டேயிருந்தவள், அந்தப் பிள்ளையைப் பெற்று வளர்த்து, அங்கேயே வபாத்தாகி அந்த மண்ணிலேயே அடங்கிவிட்டாள். திரைக்குள் விட்ட அவள் கையை நான் மறுபடி பிடிக்கவேயில்லை.

அன்று ராத்தாவை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் வழியில், வேனுக்குள் உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையேந்தினார். “யா அல்லாஹ், என்ட மகளுக்கு ஒரு புள்ளையக் குடு.”

வேனில் இருந்த எல்லோரையும்விட உரக்க நான் ஆமீன் சொன்னேன்.